சொன்னது சொன்னபடி

போன வாரம் தீபா போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இடையில் வரும் தகராறுகளை விசாரிக்கும் குறைதீர்ப்புக் குழுவின் அலுவலகம் அது. இனிமேல் யாரும் புகாரைப் பேப்பரில் எழுதித் தர வேண்டாமாம், எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தானாம். அதற்கான படிவத்தை எனக்கு அனுப்பி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

பார்த்தேன். அழகான படிவம்தான். 'புகாரின் வகை' என்ற இடத்தைத் தொட்டால் மதிப்பெண், வருகைப்பதிவு, அவமதிப்பு, மிரட்டல், பிற என்று ஒரு பட்டியல் இறங்குகிறது. அதில் ஒன்றைத் தொட்டால், புகாருக்கான வாக்கியத்தை அதுவே நல்ல தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைகள் கீழே ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. என்னை உறுத்தியது அந்த நல்ல தமிழ்தான். ஒரு கட்டம் குறைகிறது என்று பதில் எழுத ஆரம்பித்தேன். ஏன் என்று இரண்டு வரி சொல்லப் போய் இவ்வளவு நீளமாகிவிட்டது. ரிட்டயர் ஆனவளிடம் கருத்துக் கேட்டால் இதுதான் கதி, தீபா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் குள்ளஞ்சாவடி. கல்யாணமாகி நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை, பெர்மனன்ட். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் ஒரு வீடு நாகர்கோவில், ஒரு வீடு மதுரை, ஒரு வீடு கோயம்புத்தூர். நான் வாயைத் திறந்து "பால்காரர் வந்துகினு இருக்காரு" என்றால் எதிர்வீட்டு மதுரைக்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். கெட்ட மனசு இல்லை, தங்கமான மனுஷி. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். 'கினு'வையும் 'வூடு'வையும் ஒரே வருஷத்தில் நாக்கிலிருந்து துடைத்துப் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் தட்டச்சு ஹையர் முடித்து, டவுன்ஷிப்பின் ஓரத்தில் இருந்த பல்கலைக்கழகக் கிளை வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தேர்வுப் பிரிவில் பல வருஷம் ஓடியது. அங்கே நான் கற்றுக்கொண்டது ஆபீஸ் தமிழ். 'மேற்படி மாணவர்', 'பார்வையில் கண்ட கடிதம்', 'தக்க நடவடிக்கை.' யார் என்ன உளறிக் கொட்டினாலும் நான் அதை மடிப்புக் கலையாமல் எழுதிவிடுவேன். அரசி எழுதினால் திருத்தம் வேண்டாம் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தலைக்கனத்தோடுதான் குறைதீர்ப்புக் குழுவின் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனேன். குழுவின் தலைவர் தணிகாசலம் சார், நிலவியல் பேராசிரியர், குடியாத்தத்துக்காரர். தச்சரைப் போல் காதில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில் இருக்கும். எங்களுக்குக் கொடுத்திருந்தது பழைய விடைத்தாள் போட்டுவைத்திருந்த அறை. நான் போன அன்று அவர் செய்த முதல் காரியம், அங்கிருந்த பெரிய மேசையை ஆள் வைத்துத் தூக்கி வராந்தாவில் போட்டதுதான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் நாமும் ஜட்ஜ் ஆகிவிடுவோம் என்றார். நான் மட்டும் எழுதுவதற்கு ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை. மற்றவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி மர நாற்காலிகளில் வட்டமாக உட்கார வேண்டும். பேராசிரியருக்கென்று கைவைத்த நாற்காலி கிடையாது. இதற்காகவே சிலர் அவர்மேல் கோபமாக இருந்தார்கள்.

விசாரணையில் அவர் கேட்பது மூன்றே கேள்விகள். எங்கே நின்றீர்கள்? கையில் என்ன இருந்தது? வாயில் என்ன வார்த்தை வந்தது? இதை முதலில் புகார் கொடுத்தவரிடமும் பிறகு அடுத்தவரிடமும் கேட்பார். 'ஏன்' என்று மட்டும் கேட்கவே மாட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்ததால் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏன்னு கேட்டா எல்லாரும் வக்கீல் ஆயிடுவாங்கம்மா" என்றார்.

என் வரைவுகளைப் படிக்கும்போது காதிலிருந்து பென்சிலை எடுப்பார். அடிக்க மாட்டார், திருத்த மாட்டார். சந்தேகமான வார்த்தைக்குக் கீழே அரிசி அளவுக்கு ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிக்கு 'என்னை வந்து பாருங்கள்' என்று அர்த்தம். முதல் இரண்டு மாதத்தில் எனக்கு வந்த புள்ளிகளை வைத்து வாசலில் பெரிய கோலமே போட்டிருக்கலாம்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கணிதப் பேராசிரியர் ஒருவர் மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார். குள்ளஞ்சாவடி, வடலூர் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் தினமும் வெளியே நிற்பார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் மைன்ஸ் வண்டிகளுக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொள்வது ஊருக்கே தெரியும். புகார் வந்ததும் தணிகாசலம் சார் விசாரணையே வைக்கவில்லை. அந்தக் கணிதப் பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு விடிகாலையில் குள்ளஞ்சாவடிக்குப் போய், பிள்ளைகள் ஏறும் அதே பஸ்ஸில் ஏறினார். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்தபோது மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவர் வழக்கப்படி பியூன் மூடிவைத்திருந்த கதவுக்கு வெளியே மாணவர்களோடு மாணவராக நின்ற அந்தப் பேராசிரியர் முதலில் முறைத்தார், பிறகு அவரே சிரித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து முதல் வகுப்பு கால் மணி நேரம் தள்ளி ஆரம்பித்தது.

இப்படிப்பட்டவரிடம் வேலை பார்த்தும் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

சுகன்யா பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். வளையமாதேவிப் பக்கத்துப் பெண். வீட்டில் எல்லாரும் பரம்பரையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலங்கள் மைன்ஸுக்குப் போனபோது, நிலமே இல்லாத அவர்களுக்கு வேலை மட்டும் போனது. அப்பா இப்போது மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அந்த வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் இவள்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்ததால் சில வாரம் வராமல் போய், எட்டு சோதனைகள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தாகாமல் கிடந்தன. செய்முறைத் தேர்வுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கையெழுத்தான நோட்டு இல்லாவிட்டால் தேர்வுக்கு உட்கார முடியாது.

ஒரு காலையில் இரண்டு தோழிகளோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. எழுத வரவில்லை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். முதல் நாள் சாயங்காலம் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்திருக்கும் இருட்டறையில் தனியாக அளவெடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அப்போது இசக்கியம்மாள் மேடம் வந்து கதவருகில் நின்றிருக்கிறார்.

"வாசல்ல நின்னுகினு, 'ஏட்டி, இன்னைக்கு உன் சோலிய முடிச்சிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்'னாங்கக்கா. எனக்குக் கை காலெல்லாம் உதறிப்போச்சி. நோட்ட உட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு அனல்மின் நிலையத்தில் வேலை, கல்யாணமாகி டவுன்ஷிப்புக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வளாகத்தில் கான்ட்ராக்ட் விரிவுரையாளர். வேகமாகப் பேசுவார், சத்தமாகப் பேசுவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நான் பேனாவை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் சோலி என்று யாரும் பேச்சில் சொல்வதில்லை. சினிமாவில் வில்லன் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம், அதற்கு அடுத்த காட்சியில் ஒருத்தன் செத்துக் கிடப்பான். 'ஏட்டி'யும் எனக்கு 'அடியே' என்றுதான் காதில் விழுந்தது. அதனால் என் ஆபீஸ் தமிழ் இப்படி ஓடியது: 'மேற்படி விரிவுரையாளர் இருட்டறையில் வழிமறித்து, என்னைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார்.'

சுகன்யா படித்துப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். "நான் சொன்னது இதுதானாக்கா?" என்று கேட்டாள்.

"அதேதாம்மா. ஆபீஸ் தமிழ்ல எழுதியிருக்கேன்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

உயிருக்கு அச்சுறுத்தல் என்று புகார் வந்தால் தலைவர் ஒப்பமிட்டு அன்றைக்கே பதிவாளருக்குப் போக வேண்டும் என்பது விதி. விசாரணை முடியும்வரை கான்ட்ராக்ட் ஆசிரியர்கள் வகுப்புக்கு வரக் கூடாது. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதம் அது. அந்த நேரத்தில் நிறுத்திவைத்த யாரையும் திரும்ப எடுத்ததாக எனக்கு நினைவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் கோப்பைக் கட்டி தணிகாசலம் சாரிடம் கொண்டுபோனேன். ஒரு ஏழைப் பெண்ணுக்கு நியாயம் வாங்கிக் கொடுக்கிறோம் என்ற மிதப்பு வேறு.

அவர் படித்தார். காதிலிருந்து பென்சில் இறங்கியது. 'கொன்றுவிடுவதாக' என்பதற்குக் கீழே ஒரு புள்ளி.

"இது யார் வார்த்தைம்மா?"

"அந்தப் பொண்ணு சொன்னதுதான் சார்."

"இந்த வார்த்தையேவா?"

அர்த்தம் இதுதான் என்று சொன்னேன். அவர் ஒப்பம் இடவில்லை. சாயங்காலத்துக்குள் பதிவாளருக்குப் போனால் போதும், இரண்டு மணிக்கு இருவரையும் வரச் சொல்லுங்கள் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆசிரியரைக் காப்பாற்றப் பார்க்கிறார், எத்தனை நாற்காலியை வட்டமாகப் போட்டாலும் கடைசியில் இவரும் வாத்தியார்தானே என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு சுகன்யா தோழிகள் புடைசூழ வந்தாள். இசக்கியம்மாள் ஒரு துணிப்பையோடு தனியாக வந்து, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார். தலைவர் தன் கேள்விகளை ஆரம்பித்தார்.

மேடம் எங்கே நின்றார்கள்? வாசலில். கையில் என்ன இருந்தது?

"என் ரெக்கார்டு நோட்டு சார். அப்பறம் செவப்புப் பேனா."

"பேனா மூடியிருந்ததா, திறந்திருந்ததா?"

சுகன்யா யோசித்தாள். "தொறந்து இருந்துச்சிங்க சார்."

என்ன வார்த்தை வந்தது என்று கேட்டதும் அதை அப்படியே சொன்னாள். காலையில் என்னிடம் சொன்ன அதே வாக்கியம், ஓர் எழுத்து மாறவில்லை. அதில் கொல்வதைப் பற்றி ஒன்றும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்து இசக்கியம்மாள். அவரிடமும் அதே மூன்று கேள்விகள். வாசலில் நின்றேன், கையில் நோட்டும் பேனாவும், சொன்ன வார்த்தையும் அதுதான் என்று மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னார். எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

"சோலின்னா உங்க ஊர்ல என்னம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"சோலின்னா சோலிதான் சார். வேலை. எங்கம்மா தினமும் போன்ல 'ஏட்டி, சோலி முடிஞ்சிட்டா'ன்னு கேட்டுட்டுத்தான் மத்ததையே பேசுவா. இந்தப் பிள்ளைக்கு எட்டு எக்ஸ்பெரிமென்ட் கெடக்கு, பரீட்சைக்கு நாள் இல்ல. எப்படியாவது முடிச்சு விட்டுருவோம்னு சொன்னேன். நான் சொல்லி வாய மூடல, இவ பேயக் கண்ட மாதிரி ஓடிட்டா."

அந்தப் பெண் என்ன புரிந்துகொண்டாள் என்பதைத் தலைவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். இசக்கியம்மாளின் முகம் வெளுத்துப்போனது. சுகன்யாவைத் திரும்பிப் பார்த்தார். பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். எட்டுச் சோதனைக்கும் பக்கம் பக்கமாகச் சிவப்பில் கையெழுத்து ஆகியிருந்தது. இருட்டறையில் அவள் விட்டுவிட்டு ஓடிய கடைசி அளவைக்கூடப் பென்சிலால் குறித்து, 'நாளை வந்து சரிபார்க்கவும்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

சுகன்யா அழ ஆரம்பித்தாள். இசக்கியம்மாளுக்கும் அப்போதுதான் மனத்தாங்கல் வெளியே வந்தது. "போன திங்கக்கிழமை நோட்டு எங்கன்னு கேட்டேன். எல்லாரும் பாக்க, 'அப்பால மேம்'னா. தள்ளிப் போன்னு சொல்லுதா பாருன்னு நெனைச்சேன். ஆனா நான் யார்ட்டயும் போய்ச் சொல்லல சார்."

சுகன்யா அழுகையோடு திருதிருவென்று விழித்தாள். அவள் சொன்னதில் என்ன தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைவருக்குத் தெரிந்திருக்கும், அவரும் வட மாவட்டத்துக்காரர்தான். ஆனால் அவர் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தார். அந்த அறையில் அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரியாக சுகன்யாவைத் தவிர இன்னொருத்தி இருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் எழுந்து நின்றேன். நாக்கிலிருந்து துடைத்துப் போட்டபின் நான் பேசாத பேச்சு அது.

"அப்பாலன்னா அப்பறம்னு அர்த்தங்க மேடம். எங்கூர்ல அப்படித்தான் சொல்லிகினு இருப்போம். நான் குள்ளஞ்சாவடி. எங்க வூட்லயும் அதே பேச்சுதான்."

இசக்கியம்மாள் என்னைப் பார்த்தார், சுகன்யாவைப் பார்த்தார். "அப்பறம் தாரேன்னா சொன்னே?" என்று அவளிடம் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அந்தம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியிலிருந்து கையை நீட்டி, அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலி போட்டிருந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

எல்லாரும் போன பிறகு நான் தலைவருக்கு முன்னால் போய் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பைத் திறந்து வைத்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எழுதின கைதான் அடிக்கணும்மா."

அந்த வார்த்தையையும் அது இருந்த வரியையும் அடித்தேன். அதற்குக் கீழே சுகன்யா சொன்னதை 'நின்னுகினு' உட்பட அப்படியே எழுதினேன். ஒருத்தி வாழ்க்கையை ஒரு வார்த்தையில் முடிக்கப் பார்த்தது நான்தான், அந்த நெல்லைக்கார அம்மா இல்லை. அன்று மாலை டவுன்ஷிப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். என் பேச்சைத் துடைத்துப் போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண்ணுடையதையும் ஏன் துடைத்தேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதம் எங்கள் விசாரணைத் தாளில் ஒரு புதுக் கட்டம் வந்தது. தலைப்பு: 'சொன்னது சொன்னபடி.' அதில் என் தமிழுக்கு வேலை இல்லை.

சுகன்யா தேர்வு எழுதினாள். பி.எட். முடித்து, இப்போது நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். தணிகாசலம் சார் குடியாத்தத்தில் இருக்கிறார். பொங்கலுக்குப் போன் செய்தால், 'புள்ளி வைக்கிற மாதிரி ஏதாவது பண்ணினீங்களா' என்று விசாரிக்கிறார். இசக்கியம்மாளுக்கு அந்த வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பித்தார்கள், சில வருஷத்தில் பெர்மனன்ட்டும் ஆனார். வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் 'எக்கா' என்று கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கை படும்போதெல்லாம் எனக்குக் குத்தும். 'கொன்றுவிடுவதாக' என்ற அந்த வார்த்தை என்னுடையது என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. தலைவரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று மாலை போடுவதும் கேக் வெட்டுவதும் மதியமே முடிந்துவிட்டன. ஆனால் அத்தனை வருஷக் கோப்புக்கும் பட்டியல் எழுதி ஒப்படைக்காமல் போக முடியாது. தீபா அப்போது புதுசு, திணறிக்கொண்டிருந்தாள். நான்கு மணி வாக்கில் இசக்கியம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்தது அந்தக் கோப்பு. இனி சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப் போவதில்லை என்று தோன்றியது. தீபாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"இந்த வார்த்தை அந்தப் பொண்ணு சொன்னது இல்ல மேடம். நான் எழுதினது. அன்னைக்கு இது பதிவாளர்கிட்ட போயிருந்தா உங்க வேலை போயிருக்கும். இத்தனை வருஷமா சொல்ல வாய் வரல. மன்னிச்சிடுங்க."

அவர் அந்தப் பென்சில் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"தெரியும்க்கா. அன்னைக்கே சுகன்யா லேபுக்கு வந்து சொல்லிட்டா."

"பின்ன ஏன் என்னைக் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீயன்னு இருந்தேன்."

அவர் கோப்பை மூடி, முடிந்த அடுக்கின்மேல் வைத்தார். மிச்சமிருந்த அலமாரியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு மர நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பட்டியல் தாளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"எக்கா, இன்னைக்கு உங்க சோலிய முடிச்சிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."